செத்துக் கிடந்த ஸ்னாப்ஷாட்

இல்ல டோன்யா பிடெலியா, தையலப் பாக்க வரல. நான் டாக்டரே இல்ல. அதே ஆஸ்பத்திரிதான், கம்ப்யூட்டர் பக்கம். பேரு லிம்பெர்ட். போதும், போதும், அரை டம்ளர் ஊத்துங்க. புனாட்டா பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேனா, தொண்டை காஞ்சு போச்சு.

எங்க சர்வர்ல ஓடுறது எல்லாம் இலவச சாஃப்ட்வேர். அதுமேல எனக்குக் குறையே இல்ல. அதுல எதையாவது மாத்துறதுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட்னு ஒண்ணு எடுப்போம். டிஸ்க் அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சோ, அப்படியே பிடிச்சு வச்சுக்கும். ஏதாவது சொதப்பினா திரும்பிப் போயிடலாம்.

முழு நகலா? அங்கதான் இருக்கு விஷயம். நகல் இல்ல. அதுக்கப்புறம் எது மாறுதோ, அதோட பழசை மட்டும் ஒரு ஓரமா எடுத்து வைக்கும். ஒதுக்கின இடம் நிரம்பிடுச்சா, செத்துடும். சத்தமே வராது. யாராவது போய்ப் பாத்தாதான் தெரியும்.

நான் பாக்கல.

போன மாசம், வியாழக்கிழமை மத்தியானம், புது வெர்ஷன் ஏத்தினேன். நடுவுலயே எல்லாம் குழம்பிப்போச்சு. சரி, ஸ்னாப்ஷாட் இருக்கேன்னு தெம்பா போறேன், அது செத்துக் கிடக்கு. மிச்சம் இருந்தது காலையில ஆறு மணி பேக்கப்தான். அதை ஏத்தினேன். ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நடந்தது எதுவும் சிஸ்டத்துக்குத் தெரியாது.

வார்டு வார்டாப் போய், பேப்பரப் பாத்துத் திரும்ப அடிச்சோம். எல்லாம் வந்தாச்சுன்னு டைரக்டரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. ரத்த வங்கி செனோபியா மட்டும் அன்னிக்கு மத்தியானமே லீவுல போயிட்டா. அவ பேப்பர்ல எழுதறதே இல்ல, நேரா கம்ப்யூட்டர்தான். முந்தாநாள் திரும்பி வந்தவ கேக்குறா, ஏன்டா, ரெண்டாவது டெஸ்ட்ல மாட்டின மூணு பையைக் குடுக்கக் கூடாதுன்னு அன்னிக்குக் காலையிலயே போட்டேனே, இங்க நல்ல ரத்தம்னு காட்டுதேன்னு.

டெஸ்ட்ல மாட்டினது வின்ச்சூக்கா. ஆமா, சுவர் இடுக்குப் பூச்சி கடிச்சு வருமே, அதே நோய். ரத்தம் ஏத்தினாலும் ஒட்டிக்கும். வருசக்கணக்கா சும்மா இருந்துட்டு இதயத்தைப் பிடிக்கும். உங்களுக்கா சொல்லணும், உங்க வீட்டுக்காரர் அதுலதானே போனாரு. உங்க ஆஸ்பத்திரி சீட்டுல பாத்தேன்.

ரெண்டு பை ஃப்ரிட்ஜுலயே இருந்துச்சு. மூணாவது இல்ல.

டைரக்டரா? மேலிடத்துல கேட்டுக்கிட்டு இருக்கேன், அதுவரைக்கும் வாயத் திறக்காதங்கறாரு. இப்பவே மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் கேக்கும்னு செனோபியா சொன்னா. அதான், வேலை போனா போகுதுன்னு பஸ் ஏறிட்டேன்.

பித்தப்பை ஆபரேஷன்தானே உங்களுக்கு? அந்த வியாழக்கிழமை சாயங்காலம், பதினாலாம் நம்பர் கட்டில்?

ஆமா டோன்யா.

நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு, உங்க ரத்தத்தை எடுத்துப் பாக்க, செனோபியா ஆஸ்பத்திரி வாசல்லயே நிப்பா. சாப்பிட்டுட்டு வந்தாலும் பரவாயில்ல, அதுக்கு ஒண்ணும் தடை இல்ல.