ரெண்டு விரக்கடை

அட, தலையைத் தூக்காத மச்சான். குனி. இன்னும் குனி. நெஞ்சால இழுத்தா மதியத்துக்குள்ள மூச்சு நின்னுடும், தோளால தள்ளணும். ஆங், அப்படித்தான். பேசலாம், பேசலாம். பின்னால ஏர் பிடிக்கற கெழவனுக்குக் காது கேக்காது.

எரியுதா? எரியத்தான் செய்யும். மூணாம் நாள் புண்ணாகும், அப்புறம் அந்த எடமே மரத்துப்போயிடும். எனக்கெல்லாம் தோள்ல நுகத்தடி இருக்கா இல்லையான்னே தெரியாது.

மாடா? எல்லாத்தையும் ராஜா கோட்டைக்குக் கல்லு இழுக்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்காக அவரு நெலம் சும்மா கெடக்குமா? வீட்டுக்கு ரெண்டு பேர் வந்து ஏர் இழுக்கணும். ஆம்பளை ஒருத்தன்தான்னா பொண்டாட்டி வரணும். அப்படித்தான் உங்க அக்கா வந்தா. மாடு செத்தாலாவது ராஜாவுக்கு நஷ்டம். நாம செத்தா என்ன, மச்சான் வருவான்! சிரிக்காத, கங்காணி பாக்குறான்.

ஆமா, அந்த வரப்புகிட்டதான் விழுந்தா. ஒரு வாய் தண்ணி ஊத்த விடல பாவி. ஓரமாத் தூக்கிப் போட்டுட்டு உழுது முடிடான்னான். வேற ஒருத்தனைக் கொண்டாந்து பூட்டினான். முடிச்சேன். என்னை என்ன பண்ணச் சொல்ற?

வெயில்தான் காரணம்னு கங்காணி சொன்னான். உங்கம்மாகிட்ட நானும் அதையே சொன்னேன்.

இந்தக் கயிறு இருக்குல்ல, ஏரைத் தடியோட சேத்துக் கட்டினது? நடுவுல இருந்தா ரெண்டு பேருக்கும் பாரம் சமம். யார் பக்கம் தள்ளி இருக்கோ, பாரம் அவங்களுக்கு. எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. நிக்க முடியல, உக்காந்தா சவுக்கடி. உங்க அக்கா யாருக்கும் தெரியாம ரெண்டு விரக்கடை அவ பக்கமா நகத்திக் கட்டினா. குணமாகற வரைக்கும்தான்னு சொன்னா.

காய்ச்சல் மூணே நாள்ல விட்டுடுச்சு மச்சான். நான் சொல்லல. இன்னும் சுடுதான்னு கேப்பா, ஆமாம்பேன். நெத்தியத் தொட்டுப் பாப்பா. தொட்டவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தும் போய்க் குனிஞ்சு நிப்பா. அவ்ளோ ஆசை என்மேல. நாப்பது நாளு இழுத்தா. படுபாவி நான்.

ஏன் தடியையே பாக்குற? ஆமா, இன்னும் அங்கயேதான் இருக்கு. உன் பக்கம். டேய், கைய எடு! அவுக்காத. உங்க அக்கா கட்டின முடிச்சுடா அது, எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். வர்றான் பாரு, சவுக்கோட. இழு மச்சான், இழு.