பச்சைக் கதவு

ராத்திரி ரெண்டு மணி. ஈ காக்கா இல்லாத ரோடு. ஓரமா ஒரு லாரி... டிரைவர் போனை எடுத்து ஒரு பேரைத் தட்டுறாரு. திரையில அவர் வீட்டு வாசல் தெரியுது. கிட்ட வாங்க, சத்தமா சொல்ல மாட்டேன்.

இளிக்கிறானே இவன்... இவனோட சித்தி பொண்ணு புருஷன்தான் அந்த டிரைவர். வீட்டுல கரண்ட் போயிட்டு வந்தா நெட்டோட நம்பர் மாறிடும், போன்ல வாசல் கேமரா கிடைக்காது. அதுக்காக நெட்டுல வீட்டுக்கு ஒரு பேரு வாங்கினாரு. பொண்டாட்டியோட செல்லப் பேரு, பாப்பு. நம்பர் மாறினா, அந்தப் பேருக்குப் பின்னால புது நம்பர் தானா ஏறிக்கும். அதுக்குக் கோடிங் ஒரு வரி கிடையாது. திரையில நாலு கட்டத்தை இழுத்து வச்சு, கோடு போட்டு இணைச்சாரு. அவ்வளவுதான்.

அவர் பார்க்கும்போது கேமராவுல சிவப்பு லைட் எரியும். "பாப்பு... தாப்பா போட்டியா?"ன்னு ஸ்பீக்கர்ல கேட்பாரு.

ஒரு நாள், அதே ரோட்டுல... ஆள் போயிட்டாரு.

காரியமெல்லாம் முடிஞ்சு, சனம் கலைஞ்ச ராத்திரி. க்ளிக். சிவப்பு லைட். டீசல் வாடை. "பாப்பு... தாப்பா போட்டியா?"

அவ பயப்படலைடா. "போட்டேங்க"ன்னு சொல்லி அழுதா. அப்புறம் தினமும் அங்கேயே உட்கார்ந்து பேசினா. அதுலதான் அவ உசுரே இருந்துச்சு.

அவ அண்ணன் கம்ப்யூட்டர் ஆளு. நல்லவன்தான். தங்கச்சிக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு பயந்து, அவளுக்குத் தெரியாம நம்பரை ஏத்துற அந்தக் கட்டத்தையெல்லாம் அழிச்சுட்டான். மறுநாளே கரண்ட் போச்சு. வீட்டு நம்பர் மாறிடுச்சு, பேரு பழைய நம்பரையே காட்டுது. ராத்திரி லைட் எரியல. விடிய விடிய காத்துக்கிடந்தா, பாவம்.

காலையில தெருக்கோடி தையல்கார அக்கா ஓடி வந்தாங்க. அவங்களுக்கும் அதே கம்பெனி நெட்டு. பழைய நம்பர் அங்க போயிருந்திருக்கு.

"எங்க வாசல் கேமராவுல ஆம்பளைக் குரல்ம்மா... 'பாப்பு, கதவு ஏன் நிறம் மாறியிருக்கு?'ன்னு. பயத்துல, அப்படி யாரும் இங்க இல்ல, போய்த் தொலைன்னு கத்திட்டேன்."

"அவரு... என்ன சொன்னாரு?"

"மன்னிச்சிடுங்கம்மான்னு... அப்புறம் லாரி கிளம்புற சத்தம்."

அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டு அன்னைக்கே திரும்ப இணைச்சான். பேரு இப்ப சரியா வீட்டைத்தான் காட்டுது. லைட்தான் எரியவே இல்ல. அந்தப் பேரை அவரு இனி நம்பலையோ என்னவோ. அவ இன்னும் வாசல்லயே உட்கார்ந்திருக்கா.

அவரு வீடு வீடா தேடுறாராம். போன வாரம் பக்கத்துத் தெரு... ஏய், கையை விடு. யாரும் திரும்பாதீங்க. டீசல் வாடை வருதா?

அவரு கேட்டா, இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வழி சொல்லுங்க. மூணாவது தெரு... பச்சைக் கதவு.