கட்டுக்கு வந்த பணம்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் வெளிநாட்டுக்குப் போனது ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம், சார். ஆண் போயிருந்தால் வீட்டில் பால், முட்டை, வாசலில் பள்ளிக்கூட வேன். பெண் போயிருந்தால் தளம் போட்ட வீடு, பைக், கொல்லையில் போர்வெல். காரணம் எளிது. அனுப்புகிறவர் செலவழிப்பதில்லை, ஊரில் இருப்பவர்தான் செலவழிக்கிறார்.

என் மனைவி செல்வி குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். அவள் அனுப்பியதில் தளம் போட்டேன். கடலைக் கொல்லையில் இரண்டு போர் போட்டேன், தண்ணீர் வரவில்லை. அது பூமியின் குற்றம். மூன்றாவதற்குக் கேட்டபோது, இனிமேல் பணம் புத்தூரிலிருக்கும் தன் தங்கை பிரேமலதாவின் கணக்குக்குத்தான் போகும், எங்கள் மகள் சுமித்ரா படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

விஜயபுரம் டீக்கடையில் முனிகிருஷ்ணன் கேட்டான்: "இன்னா மாமா, பீடி வாங்கக்கூட மச்சினி கையெழுத்து போடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடிபட்டது, காய்ச்சல் என்றால் மட்டும் செல்வி யோசிக்காமல் எனக்கே அனுப்புவாள். சுமித்ரா மாமரத்திலிருந்து விழுந்து கை உடைந்துவிட்டது, புத்தூர்க் கட்டு போட வேண்டும் என்று போனில் சொன்னேன்.

"பணம் இன்னிக்கே போட்டுடறேன்யா" என்று அழுதாள். "புத்தூர்னா நம்ம பிரேமா கீதே. காலைல வந்து புள்ளய இட்டுகினு போவும். நீ அலையாத."

திருப்பதி ஆஸ்பத்திரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தது என்றால் வேறு ஊர்ப் பெயர் வாயில் வராது. அது ஒன்றுதான் என் தவறு.

காலையில் பிரேமலதா வரும்போது கை உடைந்திருக்க வேண்டும். சுமித்ரா பள்ளிக்கூடம் விட்டு வந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். கையை வாசற்படிமேல் நீட்டச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு நைனா?" என்றாள். ஆனாலும் நீட்டினாள்.

புத்தூரில் பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றுவார்கள். சின்னப் பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் கூடிவிடும். இதையெல்லாம் அறிந்துதான் உலக்கையை எடுத்தேன். ஒரே அடி, இரண்டாவது தேவைப்படவில்லை. மறுநாள் பஸ்ஸில் அவள் சித்தியிடம் சொல்லிவிட்டாள். நீங்கள் வந்தீர்கள்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அவள் வலது கையைத்தான் நீட்டினாள். அது எழுதும் கை என்று இடது கையை நீட்டச் சொன்னவன் நான். அவள் படிப்பைப் பற்றி யோசிக்க அன்று அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?