எட்டாம் வளைவில் ஈரம்

கார்ப் பந்தயத்தில் தகுதிச் சுற்று என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்று என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவளைக் குறை சொல்லவில்லை. நீங்களும் நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். மறுநாள் பந்தயத்தில் யார் முதல் வரிசையில் நிற்பது, யார் கடைசியில் நிற்பது என்று முடிவு செய்யவேண்டும். அதற்காக முந்தின நாள் மதியம் ஒவ்வொருவரும் ஒரு சுற்றை எத்தனை விநாடியில் முடிக்கிறார்கள் என்று பார்ப்போம். அவ்வளவுதான்.

அந்தச் சுற்றுக்கு விதி எழுதுகிறவன் நான். அன்றைக்குக் கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவனும் நானே. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

பழைய விதிப்படி ஒரு மணி நேரம் கொடுப்போம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஓடலாம். நியாயமான விதிதான். ஆனால் முதல் நாற்பது நிமிஷம் ஒரு கார்கூட வெளியே வராது. சாலை சூடேறட்டும் என்று எல்லாரும் கொட்டகைக்குள் காத்திருப்பார்கள். டிக்கெட் வாங்கி வந்த ஜனம் சிமென்ட் படியில் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்.

ஒருமுறை என் மகளை அழைத்துப் போனேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. முடிந்தபிறகு படிக்கட்டில் போய்ப் பார்த்தால், பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மாளின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அப்பா, இதுக்காகவா தினமும் ஆபீஸ் போறீங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான்கு மாதம் உட்கார்ந்து புதிய விதியை எழுதினேன். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அந்த நேரத்தில் நேரப் பலகையில் யார் கடைசியோ அவர் வெளியே. கடைசி மணிவரை எல்லாரும் ஓடியே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டேன். பந்தயச் சங்கத்தில் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

ஓட்டுநர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் பந்தயத்தின் தகுதிச் சுற்றில், ஆரம்பத்திலேயே எல்லாரும் ஒரு சுற்று ஓடினார்கள். திரும்ப ஓடினால் தேய்ந்த டயரில் நேரம் குறையாது என்று தெரிந்ததும் கொட்டகைக்குள் போய் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். கடைசி ஏழு நிமிஷம் சாலையில் ஈ காக்கை இல்லை. முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடியை வெறும் தார்ச்சாலைக்கு ஆட்டினோம். ஜனம் சிரித்தது. அறையின் இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

இரண்டாவது தகுதிச் சுற்றன்று தோட்டக்காரர் ஒரு குழாயை மூட மறந்துவிட்டார். எட்டாம் வளைவின் புல்மேட்டுக்குத் தண்ணீர் விடும் குழாய் அது. மேட்டிலிருந்து நீர் வழிந்து சாலையோரம் நனைந்துவிட்டது. கார்கள் ஓட ஓட அந்த ஈரம் காய்ந்தது. காயக் காய நேரம் குறைந்துகொண்டே வந்தது. இப்போது போட்ட நேரம் அடுத்த நிமிஷம் செல்லாது. உள்ளே உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசி மணிவரை ஓடினார்கள். படிக்கட்டில் ஒருவர்கூட உட்காரவில்லை, எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மறுநாள் பத்திரிகையில் என் விதியைப் புகழ்ந்து எழுதினார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாவது தகுதிச் சுற்று காய்ந்த சாலையில் நடந்தது. பழையபடி ஏழு நிமிஷம் வெறுமை. சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த முறையும் இப்படியே போனால் விதியை எடுத்துவிடலாம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

நான்காவது தகுதிச் சுற்றன்று அந்தக் குழாயை நான் திறந்தேன். கட்டுப்பாட்டு அறைக் கட்டடத்துக்குப் பின்னால்தான் அதன் திருகு இருக்கிறது. அரைத் திருகுதான். தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஐந்தாவதில் ஒரு திருகு. ஒரு கார் வழுக்கி, பம்பரம் மாதிரி இரண்டு சுற்று சுற்றி, புல்லில் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு எழுந்த கூச்சலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆறாவதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதைச் சொல்லுமுன் என் மைத்துனனைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனைவிக்கு ஒரே தம்பி. எட்டாம் வளைவில் கொடி காட்டுகிற வேலை அவனுக்கு. நான்தான் சேர்த்துவிட்டேன். கொடிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டு எடுத்துவருகிற ஆள். அவன் அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவன் மஞ்சள் கொடியைத் தூக்கினால் வருகிற கார் வேகத்தைக் குறைக்கவேண்டும். அந்தச் சுற்றின் நேரமும் கணக்கில் சேராது.

அன்று இரண்டு திருகு திறந்தேன். மேகம் போட்டிருந்ததால் ஈரம் நான் நினைத்த அளவு காயவில்லை. இருந்தாலும் ஆட்டம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசி மணிக்கு நாற்பது விநாடி இருக்கும்போது பலகையில் கடைசியாக இருந்தவன் தும்பி. அப்படித்தான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். ஒல்லியான பையன், இருபத்து நான்கு வயது. புது விதி வந்தபோது என் அறைக்கே வந்து நன்றி சொன்னவன் அவன் ஒருவன்தான். சின்ன அணிக்கும் இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றான். அந்தச் சுற்றில் தன் நேரத்தைக் குறைத்தால் அவன் உள்ளே, இல்லையென்றால் வெளியே. மைதானமே எழுந்து நின்றது.

எட்டாம் வளைவிலிருந்து போன் வந்தது. அங்கிருந்து என் மேசைக்கு நேரடி லைன். அதில் பேசுவது எதுவும் பதிவாகாது.

"மாமா, இங்க தண்ணி வழியுது. மஞ்சள் தூக்கிட்டேன்."

"ஒண்ணும் இல்ல மாப்ள, வழக்கமான ஈரம்தான். இறக்கு."

"இல்ல மாமா, இது ரொம்ப..."

"நான் பாத்துக்கறேன். இறக்குடா."

இறக்கினான். அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை. கொடி மேலே இருந்தது ஏழெட்டு விநாடி இருக்கும். அதற்குள் அந்தப் பக்கம் எந்தக் காரும் வரவில்லை. கேமராவும் அப்போது வேறு பக்கம் இருந்தது. அப்புறம் தும்பி வந்தான். ஈரத்தில் வழுக்கிச் சுவரில் மோதியபிறகு கார் நின்ற கோலத்தைப் பார்த்தே, அவன் உயிரோடு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேரப் பலகையில் அவன் பெயருக்கு எதிரே, பாதிச் சுற்றுவரை எடுத்த நேரம் பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. அதுவரை அவன்தான் எல்லாரையும்விட விரைவு. கட்டடத்துக்குப் பின்னால் போய்த் திருகை மூடினேன். பிறகு ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லி அறிவித்தேன். எந்த வரிசையில் செய்தேன் என்று நேற்று கேட்டீர்கள். இந்த வரிசையில்தான்.

விசாரணைக் குழு மூன்று காரணம் சொன்னது. குழாய் பழையது, பராமரிப்பு இல்லை. கொடி காட்டவேண்டியவர் காட்டவில்லை. ஓட்டுநர்களை அவசரப்படுத்தும் விதி ஆபத்தானது. தோட்டக்காரரை வேலையிலிருந்து எடுத்தார்கள். மைத்துனன் மீது வழக்குப் போட்டார்கள். கட்டுப்பாட்டு அறை சொல்லித்தான் கொடியை இறக்கினேன் என்று அவன் குழுவிடம் சொன்னான். அப்படி ஒரு போன் வரவில்லை என்று நான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவனின் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா. அதற்கப்புறம் என் மனைவி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தன் தப்புக்கு என் தலையை உருட்டப் பார்த்தான் என்று அவளுக்குக் கோபம்.

எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். போன வாரம் சங்கத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. அறிக்கையைக் காட்டி என் விதியை ரத்து செய்துவிட்டார்கள். மறுபடியும் அதே ஒரு மணி நேரம், அதே வெறும் சாலை. அந்த மூன்றாவது காரணம் தவறு. விதியில் எந்தப் பிழையும் இல்லை. குழாயைத் திறந்தவன் நான், கொடியை இறக்கச் சொன்னவன் நான். அறிக்கையைத் திருத்தினால் விதியைத் திரும்பக் கொண்டுவருவதில் தடை இருக்காது. இந்த வாக்குமூலத்தில் ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

என் மகள் இப்போதெல்லாம் பந்தயத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

மைத்துனனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றீர்கள். பத்து நாள் ஆகிறது. ஒற்றை அறை. பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தான். முகச்சவரம் செய்து பல நாள் இருக்கும். எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். என்மேல் அவனுக்குக் கோபமே இல்லை, அதைக் கவனித்தேன். பிறகு கேட்டான்.

"மாமா, ஒண்ணு உண்மையைச் சொல்லுங்க. நான் கொடியைத் தூக்கினேனா இல்லையா? உங்களுக்குப் போன் பண்ணேனா? நினைச்சு நினைச்சுப் பாக்கறேன், எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

"நீ தூக்கவே இல்லப்பா" என்றேன்.

தலையை ஆட்டினான். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். தூக்கிய கொடியை ஒருவன் பேச்சைக் கேட்டு இறக்கினோம் என்று தெரிந்தால் அவனால் தாங்க முடியாது. அவன் ரொம்ப மென்மையான மனசுக்காரன். குடும்பத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?