கேப்டனின் இடது பக்கம்

கேப்டன்: கதவைத் திறக்காதே மாப்ள. வாசல்ல இன்னும் கத்திட்டுதான் இருக்காங்க.

ஓட்டை: "ஓட்டை, வெளிய வாடா"ன்னுதானே? பழகிப்போச்சு மாமா. நீங்க முதல்ல முட்டியில ஐஸ் வைங்க.

கேப்டன்: கோல் விட்டது நான். பந்து என் காலை உரசிட்டுப் போச்சு. அத்தனை பேரும் பாத்தாங்க...

ஓட்டை: எங்க பாத்தாங்க? பக்கத்துல நான் நின்னேன். அது போதும் அவங்களுக்கு.

கேப்டன்: டிவியில திரும்பத் திரும்பப் போட்டாங்களே.

ஓட்டை: போட்டுட்டு என்ன சொன்னாங்க? "பாவம், கேப்டன் ஒத்தை ஆளா எத்தனை பேரைச் சமாளிப்பார்"னு. நீங்க சறுக்கினா மழை பெஞ்சிருக்கு. நான் சறுக்கினா பூட்ஸ் கட்டத் தெரியாதவன்.

கேப்டன்: சிரிக்காதே.

ஓட்டை: நீங்க சட்டையைப் பிடிச்சு இழுத்தா அனுபவம். நான் இழுத்தா...

கேப்டன்: போதும்டா. கோச் உன்னை எதுக்குக் கூப்பிட்டார்?

ஓட்டை: சும்மாதான்.

கேப்டன்: சும்மா கூப்பிட்டதுக்கா லாக்கரைக் காலி பண்றே?

ஓட்டை: ...அடுத்த சீசன் நான் வேண்டாமாம். ரசிகர்கள் பொறுக்க மாட்டாங்களாம்.

கேப்டன்: நான் போய்ச் சொல்றேன். தப்பு என்னோடதுன்னு.

ஓட்டை: சொல்லுங்க. "மச்சானுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறார், என்ன மனுஷன்யா"ன்னு உங்களுக்கு இன்னும் ரெண்டு பேனர் கட்டுவாங்க.

கேப்டன்: மாப்ள... உன் அக்காகிட்டகூட ஒண்ணை மறைச்சுட்டேன். அந்தப் பந்து வந்தது எனக்கு...

ஓட்டை: இந்தாங்க, முகத்தைத் துடைங்க.

கேப்டன்: எங்க?

ஓட்டை: டவலை நீட்டிட்டுத்தான் நிக்கறேன். உங்க இடது பக்கம். அந்தக் கண்ணு சுத்தமாவே போயிடுச்சா மாமா?

கேப்டன்: ...உனக்கு எப்போ தெரியும்?

ஓட்டை: எனக்கு ஓட்டைன்னு பேர் வச்ச ஆட்டத்துலயே. நீங்க பாக்காம விட்டவனைப் பிடிக்க ஓடி வந்தேன். என் இடம் காலியா கிடந்துச்சு. அது வழியா கோல் அடிச்சாங்க. அப்புறம் எல்லா ஆட்டத்துலயும் அதே கதைதான்.

கேப்டன்: ஏன்டா வாயே திறக்கல?

ஓட்டை: சொன்னா உங்களை உக்கார வச்சிருப்பாங்க. பந்தை விட்டா உங்களுக்கு வேற என்ன தெரியும்?

கேப்டன்: ...அப்போ இன்னிக்கு மட்டும் ஏன் நீ ஓடி வரல?

ஓட்டை: இன்னொரு தடவை இடத்தை விட்டு நகர்ந்தா டீம்ல இருக்க மாட்டேன்னு கோச் சொல்லியிருந்தார் மாமா. பயமா இருந்துச்சு. இன்னிக்கு ஒருநாள் என் இடத்துலயே நின்னுட்டேன்.