தார்ப்பாய் முடிச்சு

சாந்தாமேரி: ...அதுதான் சொல்லிட்டனே, கூட்டத்துல மொதல்ல நாந்தான் பேசுவேன். அதுக்கப்பறம் சுதா பேசட்டும். நீ ஜீப்ப எடு சத்யா.

சத்யராஜ்: இருங்க மேரிக்கா. இன்னும் நாலு டிக்கெட்டாவது ஏறட்டும். மஞ்சக்குட்டையில இருந்து ஏற்காட்டுக்கு ரெண்டு பேத்த மட்டும் வெச்சு ஓட்டினா டீசலுக்கே கட்டாதுங்க.

சுதாராணி: நாங்க என்ன போட்டிங் போகவா கெளம்பியிருக்கோம்? நம்ம தெருவக் காப்பாத்தப் போறோம். உனக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்குதா?

சத்யராஜ்: தெருவுக்கு என்னங்கக்கா ஆச்சு? காலையில கூட நல்லாத்தானே இருந்துது.

சாந்தாமேரி: ஒண்ணும் தெரியாத மாதிரியே கேளு. பூட்டிக் கெடக்குதே பழைய டிஸ்பென்சரி... அதுல ஊடு வாசல் இல்லாதவங்களத் தங்க வெக்கப் போறாங்களாமா. தெருக்காரங்க என்ன சொல்றீங்கன்னு இன்னிக்கு ஏற்காடு யூனியன் ஆபீசுல கூட்டம் போட்டுக் கேக்கறாங்க. நாங்க வேண்டவே வேண்டாம்னு சொல்லப் போறோம்.

சத்யராஜ்: ஏனுங்க வேண்டாம்?

சுதாராணி: கேக்கறான் பாரு. எங்க பஜ்ஜிக் கடை எங்க இருக்குது? டிஸ்பென்சரிக்கு நேர் எதுத்தாப்புல. கரடியூரு வியூ பாயிண்டுக்குப் போற டூரிஸ்ட்டெல்லாம் அங்கதான் வண்டிய நிறுத்தறாங்க. அழுக்கு லுங்கியோட நாலு பேரு வாசல்ல குத்த வெச்சிருந்தா எவன் எறங்கி மொளகா பஜ்ஜி திம்பான்?

சத்யராஜ்: பஜ்ஜி நல்லா இருந்தா எறங்குவாங்க.

சுதாராணி: என்ன சொன்ன?

சத்யராஜ்: நல்லா இருக்குது, எறங்குவாங்கன்னு சொன்னனுங்க.

சாந்தாமேரி: எனக்குக் காப்பிய நெனச்சாத்தான் பயம். களம் முழுக்கக் காப்பிப் பழம் காயுது. ஒத்தப் பொம்பள நானு. எவனாச்சும் வந்து ரெண்டு சாக்கு அள்ளிட்டுப் போனா யாரு பொறுப்பு?

சத்யராஜ்: நீங்க ரெண்டு பேரும் பேசறதக் கேட்டா, என்னமோ அடிவாரத்துல இருந்து பஸ்ஸு பஸ்ஸா ஆளு ஏறி வர்றாப்புல இருக்குது. நம்ம பக்கத்துல ஊடில்லாதவங்க எத்தன பேருங்க? ரிசார்ட்டுக்காரங்க எஸ்டேட்ட வாங்கி, கூலியாளுங்க குடியிருந்த லயன் ஊட்டையெல்லாம் இடிச்சாங்கல்ல... பாதிப் பேரு புள்ளைங்ககிட்டப் போயிட்டாங்க. போக்கெடம் இல்லாம நின்னது ரெண்டு மூணு பேரு. அதுலயும் நம்ம தெருவுல சுத்தறது வேடியப்பன் பெரியவரு ஒருத்தருதான்.

சாந்தாமேரி: எந்த வேடியப்பன்?

சத்யராஜ்: அந்த எஸ்டேட்டு நர்சரியில காப்பி நாத்துக்குப் பந்தல் கட்டிட்டு இருந்தாரே, அவருதாங்க.

சாந்தாமேரி: பாத்திருப்பேன். மொகம் ஞாபகத்துல இல்ல.

சுதாராணி: எனக்கும் அவ்வளவாத் தெரியாது. பஸ் ஸ்டாப்புல நிப்பாரு... நெட்டையா.

சாந்தாமேரி: நெட்டையா? முதுகு கூனி எவ்வளவு கொறைஞ்சு போயிட்டாரு பாவம்.

சத்யராஜ்: மொகம் ஞாபகம் இல்லீங்க... முதுகு மட்டும் இருக்குது?

சாந்தாமேரி: நீ வண்டிய எடு சாமி.

சத்யராஜ்: டிக்கெட் வரட்டுங்க. பாவம், சோத்துக்கு என்னதான் பண்றாரோ.

சுதாராணி: அதெல்லாம் நல்லாத்தான் சாப்படறாரு. களி கிண்டினா ரெண்டு உருண்டை...

சாந்தாமேரி: களியா? பொழுது உழுந்து களி தின்னா அவருக்கு நெஞ்சு கரிக்கும். கொழைஞ்ச சோறு, மேல கொஞ்சம் ரசம். அதுதான் ஒத்துக்கும்.

சுதாராணி: யாருங்க சொன்னது? எங்க ஊட்டுக் கீரைக் கடைசலாட்ட இந்த மலையிலயே கெடையாதுன்னு...

சத்யராஜ்: கெடையாதுன்னு?

சுதாராணி: ...ஊருக்குள்ள பேசிக்கறாங்க.

சத்யராஜ்: செரி, சோத்த உடுங்க. மேரிக்கா, உங்க களத்துல பனிக்குப் போத்தற தார்ப்பாயப் பாத்தேன். அது என்ன முடிச்சுங்க? ஆனை இழுத்தாலும் வராதாட்ட இருக்குது. ஒரு நுனியப் புடிச்சு இழுத்தா மொத்தமும் பொலபொலன்னு அவுந்துக்குது.

சாந்தாமேரி: அது... நானே போட்டது.

சத்யராஜ்: சுதாக்கா கடைக்கு மேல போட்டிருக்கற தார்ப்பாயிலயும் அதே முடிச்சுதாங்க.

சுதாராணி: அது நான் போட்டது.

சத்யராஜ்: ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களாக்கும்?

சாந்தாமேரி: உனக்கு வண்டி ஓட்டற வேலையா, முடிச்சு எண்ற வேலையா?

சத்யராஜ்: இல்லீங்க, நர்சரிப் பந்தலுக்குப் போடற முடிச்சு அது. நம்ம தெருவுல அதப் போடத் தெரிஞ்ச ஆளு...

சுதாராணி: இரு இரு. மேரிக்கா, உங்க களத்துக்கு அவரு எதுக்கு வர்றாரு?

சாந்தாமேரி: உன்ற கடைக்கு எதுக்கு வர்றாரு? அத நீ மொதல்ல சொல்லு.

சுதாராணி: நான்தான் மொதல்ல கேட்டேன்.

சாந்தாமேரி: ...செரி, சொல்லிப்போடறேன். என்ற ஊட்டுல ஜெபம் முடியற நேரத்துக்கு வருவாரு. வெளிய நின்னு இருமுவாரு. கதவத் தட்டினதே கெடையாது, ஒரு நாளும். நான் தட்டுல போட்டுக் குடுப்பேன். காப்பி ஸ்டோருல ஒரு கட்டிலும் போட்டு உட்டிருக்கேன். போதுமா?

சுதாராணி: அட... அதே இருமல்தான் எங்க ஊட்டுலயும். வெளக்கு வெக்கறப்ப வருவாரு. சாப்புட்டுப்போட்டு, தார்ப்பாய இழுத்துக் கட்டிட்டு, வரட்டா சாமின்னு கெளம்புவாரு. வெறகுக் கொட்டாயில பாய் போட்டு வெச்சிருக்கேன்.

சாந்தாமேரி: அப்ப உன்ற ஊட்டுல தின்னுபோட்டுத்தான் என்ற ஊட்டுக்கு வர்றாரா?

சத்யராஜ்: கணக்கு அப்படித்தாங்க வருது.

சாந்தாமேரி: ஐயோ கர்த்தரே... போதும் போதும்னு ரெண்டு கையையும் தட்டு மேல மறைப்பாரே. கூச்சப்படறாரேன்னு நான் கையத் தள்ளிட்டு இன்னொரு கரண்டி போட்டேனே.

சுதாராணி: சிரிக்காதடா சத்யா. ஏங்க்கா, இவ்வளவு பண்ணிக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?

சாந்தாமேரி: எப்படிச் சொல்றது? நீதான் அழுக்கு லுங்கி, அழுக்கு லுங்கின்னு தெரு பூரா பேசிட்டுத் திரிஞ்ச.

சுதாராணி: நீங்க காப்பி திருட்டுப் போகும்னு ஆரம்பிச்சீங்க. பெரியவங்க நீங்களே சொல்றப்ப நான் சும்மா இருந்தா நல்லா இருக்குமான்னுதான் லுங்கிய இழுத்தேன். அவரு லுங்கிய நாந்தானுங்க தொவைச்சுத் தர்றேன். அழுக்கா இருக்குமா?

சத்யராஜ்: அப்பறம் எதுக்குங்க இந்த எதிர்ப்பு? அவருக்கு ஒரு எடம் கெடைக்கறது நல்லதுதானே?

சாந்தாமேரி: எம்பொண்ணு ஜெஸ்லின் பெங்களூருக்கு வேலைக்குப் போனதுல இருந்து, பொழுது உழுந்தா என்ற ஊட்டுல பேச்சுச் சத்தமே கெடையாது கண்ணு. அவரு வந்தா ரெண்டு வார்த்தை பேசுவாரு. நாளைக்குப் பனி எறங்கும், பழத்த நேரத்துல மூடிடுங்கன்னு. அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும். டிஸ்பென்சரியில எடமும் குடுத்து சோறும் போட்டா, என்ற ஊட்டு வாசல்ல வந்து எதுக்கு இருமப்போறாரு? அதான் பயமா இருக்குது.

சுதாராணி: எனக்கும் அதே கதைதாங்க்கா. எங்க ஊட்டுல அத்தன பேரும் போனப் பாத்துக்கிட்டே திங்கறாங்க. தட்டுல என்ன இருக்குதுன்னே தெரியாது. நொம்ப நல்லா இருக்குது சாமின்னு சொல்ற ஒரே ஆளு அவருதான். அவர எப்படி உடறது?

சாந்தாமேரி: அதுக்கு ரெண்டு ஊட்டுலயுமா சொல்லுவாரு... செரி, தூங்கறது மட்டும் என்ற ஸ்டோருலதான். நான் போட்ட போர்வ எப்பப் பாத்தாலும் மடிச்சது மடிச்சாப்புலயே இருக்கும். நொம்பச் சுத்தமான மனுசன்.

சுதாராணி: இல்லீங்க்கா, எங்க கொட்டாயிலதான். விடியறதுக்கு முன்ன வெறகு எடுக்கப் போவேன், ஆளு அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருப்பாரு. அவ்வளவு சுறுசுறுப்பு.

சத்யராஜ்: மடிச்ச போர்வயில ஒருத்தரு தூங்க முடியுங்களா?

சாந்தாமேரி: ...சத்யா.

சத்யராஜ்: சொல்லுங்க.

சாந்தாமேரி: இந்த ஜீப்புக்குப் பின்னால தார்ப்பாய் தொங்குதே, அதக் கட்டினது யாரு?

சத்யராஜ்: அக்கா, டிக்கெட் வருது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

சாந்தாமேரி: ஒரு ஈ காக்கா கூட வரல. இந்த நுனியப் புடிச்சு இழுக்கட்டுமா?

சத்யராஜ்: இழுக்காதீங்க, மொத்தமும் அவுந்துரும்... செரிங்க. என்ற வண்டியிலதான் படுக்கறாரு.

சுதாராணி: அடப்பாவி. இவ்வளவு நேரம் எங்கள வெச்சு வேடிக்கை பாத்தியா?

சத்யராஜ்: அவரு சத்தியம் வாங்கிட்டாருங்க. அக்காங்க மனசு நொந்துரும், சொல்லாதன்னு. மேரிக்கா, உங்க ஸ்டோருல படுத்த மொத நாளே நீங்க ரெண்டு தடவ டார்ச்சோட வந்து, குளுருதா, போர்வ பத்துதான்னு எழுப்பிக் கேட்டீங்களாமா.

சாந்தாமேரி: ஒரு அக்கறைதான்...

சத்யராஜ்: சுதாக்கா கொட்டாயில கண்ணசந்த அன்னிக்கு விடியறதுக்கு முன்ன தலைக்கு மேல வெறகு உருண்டுதாமா.

சுதாராணி: உன்ற வண்டியில மட்டும் பெரிய நிம்மதியோ?

சத்யராஜ்: எங்கீங்க. மொத ட்ரிப்புக்கு வர்றப்ப மறந்துபோயி தார்ப்பாயப் பொசுக்குன்னு தூக்கிப்போடறேன். பாவம், வாரிச் சுருட்டிட்டு எந்திரிச்சு, என்னமோ தப்புப் பண்ணினவராட்ட மன்னிச்சுக்க கண்ணுங்கறாரு. எனக்கு மானமே போயிருது.

சாந்தாமேரி: ...செரி. டிஸ்பென்சரிய இதுக்குக் குடுங்கன்னு கேட்டது யாரு? வெளியூரு டிரஸ்ட்டுன்னாங்களே.

சத்யராஜ்: டிரஸ்ட்டெல்லாம் ஒண்ணுமில்லீங்க. போயிக் கேட்டது பெரியவருதான். அவரு, அவராட்ட இன்னும் ரெண்டு பேரு. கூட்டிட்டுப் போனது இந்த ஜீப்பு.

சுதாராணி: அவரா? அவரே போயிக் கேட்டாரா?

சாந்தாமேரி: வயிறு நெறையப் போட்டனே சத்யா. நான் என்ன கொற வெச்சேன்?

சத்யராஜ்: கொறையே இல்லீங்க. காலத்துக்கும் மத்தவங்க ஊட்டுக்கு விருந்து வந்த ஒறம்பரையாவே இருக்கறது நொம்பக் கஷ்டமா இருக்குதுங்கறாரு. ஒறம்பரை வேண்டாம்னு சொல்ல முடியாது, இன்னிக்கு வரலைன்னு சொல்ல முடியாது, வயிறு செரியில்லைன்னு கூடச் சொல்ல முடியாதுங்களே.

சுதாராணி: அப்ப அவரு கேட்ட எடத்தத்தான் வேண்டாம்னு சொல்ல நாங்க கெளம்பியிருக்கோமா? கூட்டம் வேற ஆரம்பிச்சிருக்கும். தெரிஞ்சுக்கிட்டே நீயும் எங்கள ஏத்திட்டுப் போகப் பாத்தியே.

சத்யராஜ்: எங்கீங்க ஏத்திட்டுப் போனேன்? எவ்வளவு நேரமா டிக்கெட் வரட்டும், டிக்கெட் வரட்டும்னு உக்காந்திருக்கேன். கூட்டம் முடியற வரைக்கும் இன்னிக்கு எனக்கு டிக்கெட்டே வராதுங்க.

சாந்தாமேரி: திருட்டுப் பய. எடுடா வண்டிய.

சத்யராஜ்: எடுத்தா... அங்க போயி என்ன பேசுவீங்க?

சாந்தாமேரி: டிஸ்பென்சரிய இன்னிக்கே தொறந்து உடுங்கன்னு பேசுவேன். மொதல்ல நாந்தான் பேசுவேன்.

சுதாராணி: கடைக்கு எதுத்தாப்புலதானே, நான் ஒரு கண்ணு பாத்துக்கறேன்னு நானும் சொல்றேன். நாலு டிக்கெட் காச நாங்களே தர்றோம், வெரசாப் போ.

சத்யராஜ்: காசெல்லாம் வேண்டாங்க. புடிச்சு உக்காருங்க, வளைவு வரும்.

சாந்தாமேரி: சத்யா... ஒண்ணே ஒண்ணு. அங்க போனதுக்கப்பறம் எங்கள மறந்துருவாரா?

சத்யராஜ்: மறக்கறதா? எடம் கெடைச்ச மொத நாளே உங்க ரெண்டு பேத்துக்கும் அவரு கையால சோறாக்கிப் போடறாராமா, கூட்டிட்டு வான்னு என்கிட்ட எப்பவோ சொல்லிட்டாருங்க. ஒண்ணு மட்டும் மறக்காம உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு... உள்ள வர்றப்ப கதவத் தட்டிட்டு வரோணுமாமா.