சாக்கடையில் பூத்த கல்வாழை

தாம்பரத்தில் படப்பை பஸ் கிளம்பாமல் உயிரை வாங்கியது. டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க சாக்கடைல பூ பூத்துக்கீதுக்கா.”

“இன்னாடி உளர்ற?”

“பஞ்சாயத்துல பள்ளம் தோண்டி, ஜல்லி கொட்டி, கல்வாழை நட்டாங்க. தெருவுல வர்ற சாக்கடைத் தண்ணி அதுல பூந்து, சுத்தமாகி ஏரிக்குப் போவுது. நாத்தமே இல்ல.”

“போன தபா உன் பொண்ணப் பாக்க வந்தவங்க மூக்கப் பொத்திக்கினு ஓடினாங்களே!”

“நேத்து வேற மாப்ள வூட்லேந்து வந்தாங்க. மாப்ளயோட அம்மா வூட்டுக்குள்ளயே வரல. பள்ளத்தாண்டயே நின்னுகினு, ‘ஒரு கல்வாழக் கன்னு குடு’ன்னுது.”

“குடுத்தியா?”

“பொண்ணக் கட்டிக்கினு போங்க, கன்னு சும்மா தர்றேன்னேன்.”

“அதுக்கு?”

“தை மாசம் கல்யாணமாம். கன்ன மட்டும் அப்பவே புடுங்கிக்கினு போய்ட்டாங்க.”